மண்ணைத் தோண்டுமுன் ஓடையை எண்ண வேண்டும்

அந்தமான் தீவுகளின் ஓடைகளில் ஒரு சிறு மீன் உண்டு. குரவை ஜாதியைச் சேர்ந்தது. விராலுக்குத் தம்பி முறை என்று சொல்லலாம். கல்லிடுக்கிலும் சருகுக்கு அடியிலும் ஒளிந்து வாழும். தீவில் குடியேறியவர்கள் அதைப் பார்க்காதவர்கள் அல்லர். ஆயினும் 2018-ஆம் ஆண்டு வரை விஞ்ஞான ஏட்டில் அதற்கெனத் தனிப்பெயர் கிடையாது. வேறோர் இனத்தின் பெயரே அதற்கும் வழங்கி வந்தது. அந்த ஆண்டில்தான் மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிரவீன்ராஜும் அவருடைய சகாக்களும், இது தனி இனம் என்று எடுத்துக்காட்டி, அந்நிலையத்தின் இயக்குநராக இருந்த டாக்டர் தாம் ராயின் பெயரால் 'சன்னா ராயி' என்று பெயரிட்டார்கள்.

இன்னொரு மீனின் கதை இதைவிட வேடிக்கையானது. தலை உச்சியில் பொட்டு வைத்தாற்போல் மின்னும் விரல் நீள மீன் அது. நீர்மட்டத்தை ஒட்டியே நீந்தும். கொசுப்புழு என்றால் விடாது. 1906-ல் கோலர் என்பவர் அதை அந்தமானுக்குரிய மீன் என்று பெயரிட்டு எழுதினார். பின்னால் வந்தவர்கள், அது பெருநிலத்தில் சாதாரணமாகக் கிடைக்கும் 'பஞ்சாக்ஸ்' மீன்தான் என்று சொல்லி அந்தப் பெயரை ஒதுக்கிவிட்டார்கள். 2018-ல் இந்திய ஆய்வாளர்களும் ஐரோப்பிய ஆய்வாளரும் சேர்ந்து பழைய கட்டைப் பிரித்துப் பார்த்து, கோலர் சொன்னதே சரி என்று தீர்த்தார்கள். 112 ஆண்டுகள் இழுத்த பாகப்பிரிவினை வழக்குப் போன்றது இது.

தன் பெயர் தெரியாததால் மீனுக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பதிவேட்டில் பெயர் இல்லாதவனுக்குச் சம்பளமும் இல்லை, நஷ்டஈடும் இல்லை. பெருநிலத்தில் ஏராளமாக உள்ள மீன்தான் இது என்று எழுதிவிட்டால், அந்தமான் ஓடை ஒன்று வற்றிப்போனாலும் யாரும் பதறப் போவதில்லை. இங்கே மட்டுமே உள்ளது என்று எழுதினால் கதை வேறு.

இந்திய விலங்கியல் ஆய்வுத் துறை 2018-ல் வெளியிட்ட நூல், அந்தமான் நிக்கோபார் தீவுகளில் 11,009 விலங்கினங்கள் பதிவாகியிருப்பதாகக் கூறுகிறது. நாட்டின் நிலப்பரப்பில் நூற்றில் கால் பங்கே உள்ள இடத்துக்கு இது பெரிய எண்தான். இதில் பவழப்பாறையும் கடலாமையும் பத்திரிகைகளில் படத்தோடு இடம் பெறுகின்றன. தீவில் எல்லா மொழிக்காரரும் 'நாலா' என்று அழைக்கும் ஓடைகளின் பிராணிகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. சுற்றுலாப் பயணி நாலாவில் இறங்கிப் பார்ப்பதில்லை. சிமெண்டுக் குழாய் பதிக்க வரும் தொழிலாளிதான் இறங்குகிறார்.

இந்தப் பதிவு வேலையை விரைவாகச் செய்ய இன்று ஒரு வழி உண்டு. கனடாவிலுள்ள குவெல்ஃப் பல்கலைக்கழகத்தின் பால் ஹெபர்ட் 2003-ல் முன்வைத்த முறை அது. கடையில் சோப்பு உறையின் மேல் உள்ள கோடுகளைக் கருவி படித்து விலை சொல்வதுபோல், பிராணியின் உடலிலுள்ள டி.என்.ஏ.யின் ஒரு சிறு துண்டைப் படித்து அது எந்த இனம் என்று சொல்லலாம் என்பது அவர் கருத்து. அதனால் இதற்கு 'டி.என்.ஏ. பார்கோடு' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

செய்முறை கேட்பதற்குக் கடினம், செய்வதற்கு அவ்வளவு கடினம் அன்று. மீனின் துடுப்பில் ஒரு நறுக்கு, அல்லது பூச்சியின் ஒரு கால் போதும். அதைச் சாராயத்தில் போட்டு ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு போகிறார்கள். உயிரணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்பொருளில் இருக்கும் சி.ஓ.1 என்னும் மரபணுவில் ஏறத்தாழ 650 எழுத்துகள் கொண்ட ஒரு பகுதியை மட்டும் பிரித்து, பல்லாயிரம் பிரதிகளாகப் பெருக்கி, இயந்திரத்தில் வாசிக்கிறார்கள். ஏ, சி, ஜி, டி என்று நாலே எழுத்துகள்தாம் மாறி மாறி வரும். ஓர் இனத்துக்குள் இந்த வரிசை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்; இனம் மாறினால் பெரும்பாலும் வித்தியாசம் கூடும். கிடைத்த வரிசையை, முன்பே பெயர் தெரிந்த பிராணிகளின் வரிசைகள் அடங்கிய பொதுச் சேமிப்போடு ஒப்பிட்டால் இனம் தெரிந்துவிடும். எதனோடும் பொருந்தவில்லை என்றால் அங்கேதான் ஆராய்ச்சியாளர் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

விரால், குரவை குடும்பத்தில் இந்த முறை என்ன செய்திருக்கிறது என்பதற்கு 2020-ல் ரூபர், டான், பிரிட்ஸ் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வே சான்று. பல நாடுகளின் மீன்களுடைய பார்கோடு வரிசைகளை அவர்கள் சேர்த்துப் பார்த்தபோது, ஒரே பெயரில் வழங்கிய சிறு குரவைகளுக்குள் பெயரிடப்படாத பல இனங்கள் மறைந்திருப்பது வெளிப்பட்டது.

மீனைவிடப் பூச்சிக்குத்தான் இந்த முறை அதிகம் தேவை. தட்டான் பூச்சி பறப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அது பறப்பதற்கு முன் தண்ணீருக்குள் இறக்கையில்லாத புழுவாகக் காலம் தள்ளுகிறது. அப்போது அதன் உருவமே வேறு. மணலையும் சுள்ளியையும் எச்சிலால் ஒட்டித் தனக்கொரு கூடு செய்துகொள்ளும் புழு ஒன்று உண்டு. வளர்ந்தபின் அது அந்துப்பூச்சி போலப் பறந்து போய்விடும். இறக்கை முளைத்தபின் சில மணி நேரமோ ஒரு நாளோ மட்டும் வாழும் பூச்சியும் உண்டு. தாயையும் பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் நிபுணருக்கே உறவு தெரியாது. புழுவின் கால் ஒன்றையும், பறக்கும் பூச்சியின் கால் ஒன்றையும் எடுத்து வரிசையைப் படித்தால் தெரிந்துவிடும்.

இதெல்லாம் பூச்சி பிடிப்பவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவதற்கில்லை. மேலே சொன்ன பூச்சிகளில் சில சுத்தமான, ஓடும் நீரில் மட்டுமே தங்கும். கழிவு கலந்தால் முதலில் காணாமற்போவது அவைதாம். போர்ட் பிளேர் நகரம், 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றம் பெற்ற அந்நகரம், குடிநீருக்குத் தனிக்காரி அணையையே பெரிதும் நம்பியிருக்கிறது. அணைக்கு வரும் நாலாக்களில் எந்தப் பூச்சி இருந்தது, எது போய்விட்டது என்ற கணக்கு, குழாயடியில் குடத்தோடு நிற்கிறவர்களுக்கும் சம்பந்தப்பட்ட கணக்குத்தான்.

கொசு விஷயம் இன்னும் நேரடியானது. தீவுகளில் மலேரியாவைப் பரப்புவது 'சண்டைகஸ்' என்னும் அனோபிலிஸ் கொசு. உப்புக் கலந்த நீரில் முட்டையிடுவது. இந்தப் பெயருக்குள் இருப்பது ஓர் இனம் அல்ல. கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் பல இனங்களின் கூட்டம். கார் நிக்கோபாரில் உள்ளது அக்கூட்டத்தின் 'டி' பிரிவு என்று 2004-ல் வெளியான ஆய்வு காட்டியது. குரோமோசோமையும், பார்கோடுக்குப் பயன்படுவதல்லாத வேறு டி.என்.ஏ. துண்டுகளையும் பார்த்துத்தான் அது தெரிந்தது. எந்தக் கொசு எங்கே முட்டையிடுகிறது, மாட்டைக் கடிக்கிறதா மனிதனைக் கடிக்கிறதா, எந்த மருந்துக்குச் சாகிறது என்பதெல்லாம் இனத்துக்கு இனம் மாறக்கூடும். தகரக் கொட்டகையில் படுத்துறங்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இதைவிட முக்கியமான விலங்கியல் வேறு என்ன இருக்கிறது? போர்ட் பிளேரில் 1983 முதல் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் மண்டல மையம் இயங்கி வருவதும் இத்தகைய காரியங்களுக்காகத்தான்.

ஓடைகளில் உளுவை மீன்களின் வாழ்க்கையும் கவனிக்கத்தக்கது. வயிற்றுப் பக்கத்துத் துடுப்புகள் சேர்ந்து உறிஞ்சுகுழி போலாகி, வழுக்குப் பாறையைப் பற்றிக்கொண்டு அருவியின் மேலேயே ஏறிவிடும் வகைகள் அவற்றில் உண்டு. ஓடையில் பொரிக்கும் குஞ்சு நீரோடு அடித்துச் செல்லப்பட்டுக் கடலுக்குப் போய், அங்கே சில காலம் வளர்ந்து, மறுபடி ஆற்று முகத்துவாரத்தைத் தேடி ஏறி வருகிறது. கப்பலேறிப் போய்ப் பிழைத்துத் திரும்பும் குடும்பங்களுக்கு இது புரியாத வாழ்க்கையல்ல. முகத்துவாரத்தில் கண்ணாடி நூல் போல வரும் குஞ்சு எந்த இனத்தது என்று கண்ணால் சொல்வது மிகக் கடினம், பார்கோடு சொல்லும். எந்த மாதத்தில் எந்த மீன் ஏறுகிறது என்று தெரிந்தால், தடுப்பணையையும் பாலத்தின் அடிக்குழாயையும் மீன் ஏற வழிவிட்டுக் கட்டலாம். கூடுதலாக ஒரு சாய்தளம் கட்டுவதால் ஒப்பந்தக்காரர் ஏழையாகிவிட மாட்டார்.

இவ்வளவும் இப்போது ஏன் அவசரமாகிறது என்றால், கிரேட் நிக்கோபாரைப் பார்க்க வேண்டும். அங்கே கலத்தியா வளைகுடாவில் பெருந்துறைமுகம், விமான நிலையம், மின்நிலையம், நகரியம் ஆகியவற்றுக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. திட்டப் பரப்பு 166 சதுர கிலோமீட்டர். அதில் 130 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு. வெட்டப்படும் காட்டுக்கு ஈடாக ஹரியானாவில் காடு வளர்ப்பதென்று ஏற்பாடு. மரத்துக்கு மரம் என்று கணக்குக் காட்டிவிடலாம். நிக்கோபார் நாலாவின் மீனையும் பூச்சியையும் ஹரியானாவில் எங்கே விடுவது? கலத்தியாவும் அலெக்சாண்டிராவும் அவற்றின் கிளையோடைகளும் எத்தனையோ பிராணிகளுக்குப் பரம்பரை வீடு. அந்த ஆற்றங்கரைகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் ஷோம்பென் மக்களுக்கு அவற்றில் பல பழக்கமாகவே இருக்கும். ஆனால் அவர்கள் அறிவு எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை.

ஒரு முறை பட்ட பாடம் போதாதா என்ற கேள்வியும் எழுகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது இந்திரா முனையில் நிலம் நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. தாழ்ந்த கரையோரங்களில் கடல்நீர் புகுந்து, நன்னீர் இருந்த இடங்கள் உப்பாயின. மனித உயிர்ச்சேதத்தைப் பேசிய பிறகு மற்றதைப் பேச யாருக்கும் மனம் வராது, அது இயல்பே. ஆனால் அந்த ஓடைகளிலிருந்து என்ன போயிற்று என்று இன்று கேட்டால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அன்றைய டி.என்.ஏ. பட்டியல் இல்லை. பார்கோடு முறையே முந்திய ஆண்டுதான் பிறந்திருந்தது. சுனாமி சொல்லிவிட்டு வருவதில்லை. புல்டோசர் அப்படியல்ல, டெண்டர் விட்டு, விளம்பரம் கொடுத்து, தேதி குறித்துத்தான் வருகிறது. அதற்குமுன் எண்ணுவதற்கு அவகாசம் இருக்கிறது.

மீனைக் காட்டி வேலையைக் கெடுக்கிறார்களே என்று தொழிலாளர் தரப்பில் முணுமுணுப்பு எழுந்தால் அதைத் தவறென்று சொல்லிவிட முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் தீவுகளின் மொத்த மக்கள் 3,80,581 பேர். நூற்றுக்கு ஏறத்தாழப் பதினைந்து பேருக்குத் தாய்மொழி தமிழ். காடு வெட்டவும் சாலை போடவும் வந்தவர்கள், சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப்பின் இலங்கையிலிருந்து திரும்பிக் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் அமர்த்தப்பட்டவர்கள், 1969-க்குப்பின் கேம்பல் பேயில் நிலம் பெற்ற முன்னாள் ராணுவத்தினர் என்று பல வழிகளில் வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். துறைமுகம் என்றால் கூலி. கூலி என்றால் ஊருக்கு மணியார்டர். இவர்களிடம் போய் நாலாப் பூச்சிக்காகப் பட்டினி கிட என்று உபதேசம் செய்வது நியாயமாகாது. எண்ணுவது என்றால் வேலையை நிறுத்துவது என்று பொருளும் அல்ல. ஒரு மழைக்காலம், ஒரு கோடைக்காலம் ஓடைகளில் மாதிரி எடுத்து, எந்த நாலாவை விட்டு விலக வேண்டும், எதைக் கடந்து போகலாம் என்று வரைபடத்தில் குறித்துக் கொடுப்பதுதான். அதைச் செய்யாமல் அனுமதி தருவதும், பின்னர் வழக்கு வந்து ஆண்டுக்கணக்கில் இழுப்பதுமே கூலிக்காரனின் பிழைப்பைக் கெடுக்கிறது.

அந்த எண்ணும் வேலையிலும் அவனுக்குப் பங்கு உண்டு. மத்திய அமெரிக்காவில் கோஸ்டா ரிக்கா என்ற சிறு நாடு. அங்கே குவானகாஸ்டே காட்டில் டேனியல் ஜான்சன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், அக்கம்பக்கத்துக் கிராமத்தாரையே பழக்கிக் கம்பளிப்புழு சேகரிக்கும் ஊழியர்களாக்கினார். பட்டம் பெற்றவர்கள் அல்லர், காட்டை அறிந்தவர்கள். எந்தப் புழு எந்த இலையைத் தின்றது என்று அவர்கள் எழுதிவைத்த குறிப்பையும் பார்கோடையும் சேர்த்துப் பார்த்தபோது, ஒரே பெயரில் இருந்த பட்டாம்பூச்சிக்குள் பத்து இனங்கள் இருப்பதாக 2004-ல் அறிவிக்கப்பட்டது. இதேபோல் 2008-ல் நியூயார்க்கில் பள்ளி மாணவியர் இருவர் கடைகளிலும் உணவகங்களிலும் வாங்கிய மீன் துண்டுகளை குவெல்ஃபுக்கு அனுப்பிப் படிக்கச் செய்தனர். கண்டறிய முடிந்தவற்றில் நாலில் ஒன்று வேறு மீனின் பெயரில் விற்கப்பட்டிருந்தது. தமிழகத்திலும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தினர், நெத்திலிக்கும் கீச்சானுக்கும் பார்கோடு எடுத்து 2010-லேயே வெளியிட்டிருக்கிறார்கள்.

இந்த முறையை மந்திரக்கோலாக நினைப்பதும் ஆபத்து. மைட்டோகாண்ட்ரியா தாய்வழியே மட்டும் வருவது. இரண்டு இனம் கலந்து பிறந்த மீனில் அது தாயின் பெயரை மட்டும் சொல்லும். அண்மைக் காலத்தில் பிரிந்த இனங்களை அது பிரித்துக் காட்டாமலும் போகலாம். பொதுச் சேமிப்பில் யாரோ தவறான பெயரில் பதிந்துவிட்டால், அந்தத் தவறு ஊரெல்லாம் பரவும். ஆகவே துடுப்பு முள்ளை எண்ணிப் பார்த்துப் பெயர் சொல்லும் பழைய நிபுணர் இல்லாமல் புதிய இயந்திரம் நிற்காது. அந்த நிபுணர் படிப்புக்குக் கல்லூரிகளில் மதிப்புக் குறைந்து வருவதுதான் வேதனை.

இன்னொரு சங்கடமும் உண்டு. பெயர் வந்ததும் விலையும் வந்துவிடுகிறது. அழகிய சிறு குரவைகளைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்க உலகெங்கும் ஆசைக்காரர்கள் இருக்கிறார்கள். புதிய இனம் என்றால் போட்டி அதிகம். எந்த ஓடையில் எந்த வளைவில் கிடைத்தது என்று துல்லியமாக அச்சிட்டுவிட்டால், அடுத்த மாதம் பிளாஸ்டிக் பையோடு ஆள் வந்து நிற்பான். ஆராய்ச்சிக் கட்டுரையில் இடத்தைப் பொதுவாகச் சொல்வதும், நுணுக்கமான குறிப்பை அரசாங்கப் பதிவேட்டில் மட்டும் வைப்பதும் நல்லது. உயிர்ப்பொருள்களை வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதி வழங்கும் தேசியப் பல்லுயிர் ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு அதிகாரம் தந்திருக்கிறது. எதிர்த்திசையிலும் காவல் வேண்டும். 1952-ல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை தமிழ்நாட்டு ஏரி குளங்களில் எப்படிப் பெருகிற்று என்பது ஊருக்குப் போய் வருகிறவர்களுக்குத் தெரியும். அது தீவுகளிலும் கால் ஊன்றிவிட்டது. ஒரு குடம் நாலா நீரை வடிகட்டி, அதில் மிதக்கும் டி.என்.ஏ.யைப் படித்தே அந்நிய மீன் வந்துவிட்டதா என்று அறியும் முறையும் இப்போது உள்ளது. உள்ளூர் மீன்களின் வரிசைகள் சேமிப்பில் இருந்தால்தான் அதுவும் பயன்படும்.

செய்ய வேண்டியதற்குப் புதிய கட்டடமோ புதிய வாரியமோ தேவையில்லை. விலங்கியல் ஆய்வுத் துறையின் மண்டல மையம் 1977 முதல் போர்ட் பிளேரில் இருக்கிறது. வேளாண் ஆராய்ச்சி நிலையமும், மருத்துவ ஆராய்ச்சி மையமும், ஜவஹர்லால் நேரு அரசுக் கல்லூரியும், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் துறையும் அதே நகரத்தில் உள்ளன. இவை தனித்தனியே கட்டுரை வெளியிடுவதோடு நில்லாமல், ஒரே பொதுப் பதிவேட்டை வைத்துக்கொண்டு, தீவு தீவாக, நாலா நாலாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். எந்தப் பெரிய கட்டுமானத்துக்கும் அனுமதி கொடுக்குமுன் அந்தப் பதிவேட்டின் நகல் கோப்பில் இணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று நிர்வாகம் ஒரு வரி உத்தரவு போடலாம். இணைப்பு இல்லாத கோப்பைத் திருப்பி அனுப்ப எழுத்தருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மாதங்களில் நாலாக்கள் சுருங்கி மடுமடுவாய் நிற்கும். மாதிரி எடுக்கத் தோதான காலம் அது. டிக்லிப்பூரிலும் ரங்கத்திலும் கேம்பல் பேயிலும் உள்ள பள்ளிகளுக்கு, தமிழில் பாடம் நடக்கும் பள்ளிகள் உட்பட, வலையும் சாராயப் புட்டியும் பெயர்ச்சீட்டும் ஜனவரிக்குள் போய்ச் சேர வேண்டும். பழங்குடியினர் காப்புப் பகுதியையும் காட்டுத்துறை அனுமதி இல்லாத இடத்தையும் விட்டுவிட்டு, ஊரை ஒட்டி ஓடும் நாலாவிலிருந்து தொடங்கினால் போதும். சீட்டில் தேதி, இடம், பிடித்தவர் பெயர் ஆகிய மூன்றும் பென்சிலால் எழுதப்பட வேண்டும். மை, சாராயம் பட்டால் அழிந்துவிடும்.